எதோடும் சேராத மூணு கட்டம்

மொதல்லயே சொல்லிடுறேன், எனக்குக் கோபம் சட்டுன்னு வரும். ஆவூர்ப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்லும், இன்னாசியம்மா டீச்சர் மூக்கு செவந்துச்சுன்னா அன்னைக்கு வாயைத் தொறக்கக் கூடாதுன்னு. அந்தக் கோபத்தால ஐம்பத்தெட்டாம் வருசம் ஆகஸ்ட் மாசம் நான் பண்ணின கூத்தைத்தான் சொல்ல வர்றேன். எனக்கு அப்ப இருபத்தொம்பது வயசு. கல்யாணம் ஆகலை.

நாங்க நாலு பேரு ஒரு கூட்டமா இருந்தோம். என்ன கூட்டம்னு கேட்டா ஊர்ல யாருக்கும் சொல்லத் தெரியாது. பத்திரிகையில வர்ற குறுக்கெழுத்துப் போட்டி எல்லாருக்கும் தெரியும். கூப்பனை வெட்டி ஒட்டி அனுப்பிட்டுப் பரிசு வரும்னு காத்துக் கெடப்பாங்க. எங்களுக்கு அது சப்புன்னு இருந்துச்சு. முருகன் எதுல ஏறிப் போவார்னு கேட்டா மயில்னு எழுத ஒரு படிப்பு வேணுமா? அதனால நாங்களே கட்டம் போட்டு நாங்களே அவுத்தோம். எங்க குறிப்பு வெளியில ஒண்ணைச் சொல்லும், உள்ள வேற ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். "மதுரை ஆறு திரும்பி ஓடினால் தொடச் சொல்லும்"னு குறிப்பு, ரெண்டு எழுத்து. வைகை. திருப்பினா கைவை. "குரங்குக்குப் பின்னால் மாதம் பிறந்தால் படிக்கலாம்"னா கவிதை. கவின்னா குரங்கு, அதுக்குப் பின்னால தை. இதுல என்ன இருக்குன்னு எங்க ஆத்தா கேக்கும். ஒரு குறிப்பு அவுந்ததும் நெஞ்சுக்குள்ள மாட்டியிருந்த கொக்கி கழண்ட மாதிரி இருக்கும் பாருங்க, அதை நான் ஆத்தாவுக்கு எப்படிச் சொல்லுவேன்!

இதை ஆரம்பிச்சவர் செபமாலை சார். குளத்தூர் தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு, பி.ஏ. திருச்சியில காலேஜ் படிக்கையில இங்கிலீஷ் பேப்பர்ல இந்த மாதிரிக் கட்டத்தைப் பாத்துட்டு, தமிழ்ல போட்டா என்னன்னு கெளம்பினவர். முப்பத்தஞ்சு வயசு, கல்யாணமாகலை, பேசினா மாதா கோயில்ல சாமியார் பூசை வைக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ரெண்டாவது ஆள் மலையாண்டி அண்ணன். புதுக்கோட்டையில ஒரு அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்கிறவர், அச்சாபீஸுக்குப் பின்னாலயே குடும்பம். மூணாவது நான். நாலாவது சவரியப்பன், புதுக்கோட்டை திருச்சி வண்டியில கண்டக்டர். அந்த வண்டி குளத்தூர் வழியா ஆவூர் வழியாத்தான் போகும். அதனால எங்க காகிதம் எல்லாம் அவர் தோல்பையில்தான் போய் வந்துச்சு. மூணு வருசத்துல ஒரு தாள் தொலைஞ்சதில்லை, ஒரு தாள் கசங்கினதில்லை.

சவரியப்பன் கட்டத்தை அவுப்பார், நல்லாவே அவுப்பார். ஆனா ஒரு நாளும் கட்டம் போட்டதில்லை. "நான் டிக்கெட் கிழிக்கிறவன் டீச்சர், எனக்கு எங்கிட்டு வரும்"பார். எட்டாவது வரைக்கும் படிச்சவர். போடுறது நாங்க மூணு பேருதான்.

யார் போட்டதுன்னு தாள்ல எழுதக் கூடாதுங்கிறது எங்க சட்டம். எழுதினா முகத்துக்காகப் பாராட்டுவோம், இல்லாட்டி முகத்துக்காகக் குத்தம் சொல்லுவோம். அதனால போடுறவங்க ஒட்டின கவர்ல மலையாண்டி அண்ணனுக்கு அனுப்பணும். அவர் தன் கையெழுத்துல, அச்சடிச்ச மாதிரி, படி எடுத்து எல்லாருக்கும் அனுப்புவார். மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கெழமை அச்சாபீஸ்ல கூடுவோம். அங்க ஒவ்வொரு குறிப்பாப் படிச்சு விடை சொல்லி, கடைசியில போட்டவர் எந்திரிச்சு விளக்கம் சொல்லணும். மலையாண்டி அண்ணன் சம்சாரம் செங்கமலம் அக்கா காப்பி குடுக்கும். அது இருக்கிறதுனாலதான் எங்க ஆத்தா என்னைத் தனியா விட்டுச்சு.

இன்னொரு சட்டமும் உண்டு. அதுதான் என் தலையில விழுந்துச்சு. முன்ன ஒரு தடவை, ஒரு குறிப்பு சரியா தப்பாங்கிற சண்டையில சாரும் மலையாண்டி அண்ணனும் ரெண்டு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசலை. அதுக்கப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணினோம். ஒரு குறிப்பு செல்லாதுன்னா எல்லாரும் கையைத் தூக்கணும். மத்தவங்க எல்லாரும் தூக்கிட்டா போட்டவரும் சேந்து தூக்கிடணும், இல்லாட்டி ஆள் யாருன்னு தெரிஞ்சு போகும். நாலு கையும் மேல போச்சுன்னா அந்தத் தாள் அடுப்புக்குப் போகும். யார் போட்டதுன்னு அப்புறம் யாரும் கேக்கக் கூடாது. ஒரே ஒரு கை கீழ இருந்தாலும் போதும், குறிப்பு நிக்கும், போட்டவர் எந்திரிச்சு விளக்கம் சொல்லலாம்.

அந்த ஜூலைக் கடைசியில, ஒரே நாள்ல எனக்கு ரெண்டு காகிதம் வந்துச்சு. ஒண்ணு பொன்மலையில ரயில்வேயில இருக்கிற எங்க அண்ணன் எழுதினது. மணப்பாறையில ஒரு சம்பந்தம், சானிட்டரி இன்ஸ்பெக்டர், பொண்டாட்டி செத்து ரெண்டு வருசமாச்சு, பிள்ளை இல்லை. "வர்ற ரெண்டாவது ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியா இல்லையான்னு எழுது. இதையும் தட்டிக் கழிச்சேன்னா இனிமே நான் ஒனக்கு மாப்பிள்ளை பாக்க மாட்டேன்"னு எழுதியிருந்தான். எழுத்திலேயே பல்லைக் கடிக்கிறது கேட்டுச்சு.

இன்னொண்ணு அந்த மாசத்துக் கட்டம். சவரியப்பன் வண்டியை நிறுத்தி, கீழ எறங்கி வந்து கையில குடுத்தார். வழக்கமா ஜன்னல் வழியாத்தான் நீட்டுவார். எனக்கு அன்னைக்கு அது தோணவே இல்லை.

சாப்பிட்டுட்டு பென்சிலை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். கட்டம் அவ்வளவு நல்லா இல்லை. குறிப்பெல்லாம் சின்னப் பிள்ளை சட்டை தைச்ச மாதிரி, இங்கிட்டு இழுத்தா அங்கிட்டுக் காணலை. பதினேழாவது குறிப்புக்கு வந்தேன். மேலிருந்து கீழ், மூணு எழுத்து.

"ஆவூர் டீச்சருக்கு என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா?"

எங்க கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் குறிப்புல இழுக்கிறது சகஜம். குளத்தூர் கிளார்க்கின் தலை போச்சு, கண்டக்டர் வால் ஒடிஞ்சது, இப்படி எல்லாம் வரும். அதனால நான் பாட்டுக்கு அவுக்க ஆரம்பிச்சேன். ஆன்னா பசு. ஊர் இருக்கு. கட்டிக்கிறதுன்னா சேலை கட்டுறதா, வீடு கட்டுறதா, மாட்டைக் கட்டுறதா? பசு மாட்டை எங்க கட்டுவாங்க? அரை மணி நேரம் மண்டையைப் போட்டு ஒடைச்சேன். ஒண்ணும் வரலை. அப்பத்தான் கட்டத்தை உத்துப் பாத்தேன். அந்த மூணு கட்டமும் தனியா நின்னுச்சு. குறுக்கே எந்தச் சொல்லும் அதை வெட்டலை. அப்படிப் போடுறது எங்ககிட்டப் பெரிய தப்பு. குறுக்கே ஒரு எழுத்தாவது வந்தாத்தானே விடை சரியான்னு தெரியும்? இதுல என்ன எழுதினாலும் உக்காரும். ஆமாம்னு எழுதலாம், மூணு எழுத்து. இல்லைன்னு எழுதலாம், அதுவும் மூணு எழுத்து.

ஐயோ மாதாவே, இது குறிப்பு இல்லையோ? கேள்வியோ?

யார் கேட்டதுன்னு யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகலை. கட்டம் போடுறவங்க மூணு பேரு. நான் போடலை. மலையாண்டி அண்ணனுக்கு மூணு பிள்ளை. மிச்சம் ஒருத்தர்தான். செபமாலை சார்! எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. அவரை எனக்குப் பிடிக்கும்கிறதை அதுவரைக்கும் நானே எனக்குச் சொல்லிக்கிட்டதில்லை. அன்னைக்குச் சொல்லிக்கிட்டேன். சந்தோசமா இருந்துச்சு. மறு நிமிசமே சந்தேகம். சார் எப்பேர்ப்பட்ட ஆளு, அவர் இப்படி ஒரு ஓட்டைக் கட்டத்தைப் போடுவாரா? வேணும்னே ஓட்டையாப் போட்டிருப்பாரோ? இல்லை, உண்மையிலேயே இது குறிப்புத்தானோ, எனக்குத்தான் அவுக்கத் தெரியலையோ? கேள்வின்னு நெனச்சு ஆமாம்னு எழுதிட்டுப் போயி, அங்க எல்லாரும் சிரிச்சா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆவூருக்குத் திரும்பறது?

பதினோரு நாள் இப்படியே ஓடுச்சு. சமையல்ல உப்பு ரெண்டு தடவை விழுந்துச்சு. ஆத்தா திட்டுச்சு. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே கரும்பலகையில பதினேழுன்னு எழுதினேன். "டீச்சர், விடை இருபத்தி நாலு"ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. அதுக்கும் எரிஞ்சு விழுந்தேன்.

தாங்க மாட்டாம ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒண்ணைச் சாக்கா வச்சுக்கிட்டு குளத்தூர் தாலுகா ஆபீஸுக்குப் போனேன், சார் மொகத்தைப் பாக்கலாம்னு. அவர் எந்திரிச்சு நாற்காலி போட்டார். மழை இல்லைன்னார், கண்மாய் வத்திப்போச்சுன்னார். கெளம்பும்போது, "இந்த மாசக் கட்டம் ரொம்ப மோசம், பாத்தீங்களா டீச்சர்?"ன்னு சிரிச்சார். சரிதான், கூச்சத்துல சொல்றார்னு நான் எடுத்துக்கிட்டேன். வண்டியில வரும்போது நானும் சிரிச்சுக்கிட்டே வந்தேன்.

சவரியப்பன் வேற, பாக்கும்போதெல்லாம், "பதினேழு வந்துச்சாங்க டீச்சர்?"னு கேட்டார்.

"வரலை. வந்தாலும் எழுத மாட்டேன்"னு வெடுக்குன்னு சொன்னேன். என் கல்யாண விசயத்துல கண்டக்டர் என்ன கேள்வி கேக்குறதுன்னு நெனப்பு.

"சரிங்க டீச்சர்"னுட்டு அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கப் போயிட்டார்.

ஞாயித்துக்கெழமை வந்துச்சு. அண்ணனுக்குப் பதில் எழுத அதுதான் கடைசி நாள். காலையில பூசை முடிச்சுட்டு, நீலக் கரை வச்ச சேலையைக் கட்டிக்கிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனேன். என் திட்டம் இதுதான். பதினேழை வெறுசா விட்டுட்டுப் போறது. போட்டவர் எந்திரிச்சு விளக்கம் சொல்லணும்ல? செபமாலை சார் எந்திரிப்பார். அவர் வாயால கேள்வின்னு சொல்லிட்டார்னா, நான் அங்கேயே பென்சிலை எடுத்து ஆமாம்னு எழுதிடுவேன். அன்னைக்கே அண்ணனுக்கு மணப்பாறை வேண்டாம்னு எழுதிடுவேன். அவ்வளவுதான்.

மிஷின் பக்கத்துல மேசையைச் சுத்தி நாலு பேரும் உக்காந்தோம். மலையாண்டி அண்ணன் படிச்சுக்கிட்டே வந்தார். பதினாறு முடிஞ்சுச்சு. பதினேழுன்னதும் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். அப்புறம் படிச்சார்.

"விடை யாருக்கு வந்துச்சு?"

சவரியப்பன் மேசையில இருந்த ஈய எழுத்து ஒண்ணை எடுத்து உருட்டிக்கிட்டிருந்தார்.

செபமாலை சார்தான் ஆரம்பிச்சார். "இது குறிப்பே இல்லை. உள்ள ஒண்ணும் ஒளிஞ்சிருக்கல. கட்டமும் தனியா நிக்குது. என்ன விடைன்னாலும் போடலாம்னா அது புதிரா? என்னைக் கேட்டா இது செல்லாது." சொல்லிட்டு, கோயில்ல ஆசீர்வாதம் குடுக்கிற மாதிரி நிதானமா வலது கையைத் தூக்கினார்.

எனக்கு அப்படியே குப்புன்னு ஏறிடுச்சு. பாருங்களேன்! கேட்டவரும் இவரே, செல்லாதுன்னு கையைத் தூக்குறவரும் இவரே. பதினோரு நாள் என்னை அலைய விட்டுட்டு, நாலு பேருக்கு முன்னால பயந்துக்கிட்டுப் பின்வாங்குறாரா? இல்லை, கேலிக்குத்தான் போட்டாரா? ஆவூர் டீச்சர் கெடக்கா, கல்யாணமாகாதவ, சீண்டிப் பாப்போம்னா? என் மூக்கு செவந்திருக்கும், எனக்குத் தெரியும்.

"ஆமா சார், செல்லாதுதான்"னேன். "இதைப் போட்டவருக்குக் கட்டமும் தெரியலை, மரியாதையும் தெரியலை. ஒரு பொம்பளைகிட்ட என்ன கேக்கலாம், எப்படிக் கேக்கலாம்னு தெரியாத ஆளு, இந்தக் கூட்டத்துக்கே லாயக்கில்லை." சாரைப் பாத்துக்கிட்டே சொன்னேன். சொல்லிட்டு, வகுப்புல பிள்ளைக தூக்குற மாதிரி வெறைப்பாக் கையைத் தூக்கினேன்.

சார் மொகத்துல ஒண்ணுமே இல்லை. திருதிருன்னு முழிச்சார். இம்புட்டுக் கோபம் எதுக்குன்னு அவருக்குப் புரியலை போல. அதைப் பாத்து எனக்கு இன்னும் கோபம் வந்துச்சு, என்னமா நடிக்கிறாருன்னு.

சவரியப்பன் ஈய எழுத்தை மேசையில வச்சுட்டுக் கையைத் தூக்கினார். மலையாண்டி அண்ணன் என்னைப் பாத்தார், சவரியப்பனைப் பாத்தார், திரும்ப என்னைப் பாத்தார். அப்புறம் மெதுவாத் தூக்கினார். நாலு கை. செங்கமலம் அக்கா வந்து நாலு படியையும் மூலத்தாளையும் வாங்கிக்கிட்டு அடுப்படிக்குப் போச்சு.

சாயந்திர வண்டி சவரியப்பன் டூட்டி. ஏறி உக்காந்ததும் பையில இருந்து காகிதத்தை எடுத்து மடியில வச்சு அண்ணனுக்கு எழுதினேன். "மணப்பாறைக்குச் சரி. வர்ற ஞாயித்துக்கெழமை அவங்களைக் கூட்டிக்கிட்டு வா." வண்டி குலுங்கினதுல எழுத்து கோணலாப் போச்சு. கவர்ல போட்டு ஒட்டி, ஆவூர்ல எறங்கும்போது சவரியப்பன்கிட்டக் குடுத்தேன்.

"திருச்சியில போட்டுடுங்க. நாளைக்குக் கெடைச்சுடணும். மணப்பாறைச் சம்பந்தத்துக்குச் சரின்னு எழுதியிருக்கேன். தொலையட்டும்."

அவர் கவரை வாங்கி, பைக்குள்ள வைக்காம சட்டைப் பையில வச்சார். "நல்லதுங்க டீச்சர்"னார்.

புதன்கிழமை வரைக்கும் கோபம் இருந்துச்சு. வியாழக்கிழமை பரீட்சைக் கேள்வித்தாள் அச்சடிக்கக் குடுக்கணும்னு தலைமை டீச்சர் என்னைத்தான் அனுப்பினாங்க. அச்சாபீஸுக்குள்ள போனேன். மலையாண்டி அண்ணன் உள்பக்கம் எழுத்துக் கோத்துக்கிட்டிருந்தார். செங்கமலம் அக்கா வாசல் பக்கமா உக்காந்து கல்யாணப் பத்திரிகை மடிச்சுக்கிட்டிருந்துச்சு. என்னைப் பாத்ததும் வழக்கமா வாங்க டீச்சரம்மான்னு எந்திரிக்கும். அன்னைக்கு எந்திரிக்கலை.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"னுச்சு. ரெண்டு பத்திரிகையை மடிச்சுச்சு. அப்புறம் பொறுக்க முடியாமக் கொட்டிருச்சு. "அந்தத் தாளை அடுப்புல வைக்க எனக்கு மனசே வரலை டீச்சரம்மா. மூணு ஞாயித்துக்கெழமை அந்தா அந்த ஸ்டூல்ல உக்காந்து, ரப்பர் தேயத் தேய அழிச்சு அழிச்சு எழுதினது. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போகலாம். மரியாதை தெரியாதவன், லாயக்கில்லாதவன்னு எதுக்குச் சொல்லணும்? சவரியப்பன் தம்பிக்கா மரியாதை தெரியாது?"

எனக்கு ஒண்ணுமே வெளங்கலை. "சவரியப்பனுக்கு என்ன?"

"செங்கமலம்!"னு உள்ள இருந்து மலையாண்டி அண்ணன் சத்தம் போட்டார். "அதைச் சொல்லக் கூடாது. சட்டம்."

"ஒங்க சட்டத்துல நான் என்னைக்குச் சேந்தேன்? எனக்குக் காப்பி போடுறது மட்டும்தானே வேலை!" அக்கா என் பக்கம் திரும்புச்சு. "மொதல் மொதலாக் கட்டம் போட்டாரு டீச்சரம்மா. ஒங்ககிட்டக் கேக்குறதுக்காகத்தான் போட்டாரு."

கேள்வித்தாளை அங்க வச்சேனா, யார் கையிலயாச்சும் குடுத்தேனா, நெனவில்லை. ரோட்டுல நடந்துக்கிட்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறதுன்னு ஒரு நிமிசம் மறந்து போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஊர், மாசா மாசம் வர்ற ஊர். எறங்கி வந்து கையில தாளைக் குடுத்தது இப்பத்தான் ஒறைச்சுச்சு. பதினேழு வந்துச்சாங்கன்னு கேட்டது ஒறைச்சுச்சு. அவர் கேள்வி செல்லாதுன்னு அவரே கையைத் தூக்கினாரே, நான் சொன்னதைக் கேட்டுட்டுத் தூக்கினாரே! கடவுளே, அந்தக் கையை நான் சரியாப் பாக்கக்கூட இல்லை. சாரையே மொறைச்சுக்கிட்டிருந்தேன்.

ஸ்டாண்டுல சவரியப்பன் வண்டி நின்னுச்சு. அவர் கீழ நின்னு ஆள் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். நேராப் போயி, "லெட்டரைப் போட்டுட்டீங்களா?"னு கேட்டேன்.

"எந்த லெட்டருங்க?"

"எங்க அண்ணனுக்குக் குடுத்தது!"

"அன்னைக்கே போட்டுட்டேனே டீச்சர். திருச்சியில மழை. நனையக் கூடாதுன்னு சட்டைக்குள்ள வச்சுக் கொண்டு போயி ரயிலடி ஆர்.எம்.எஸ் தபாலாபீஸ்லயே போட்டேன். கெடைக்கலையா?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. "ஏன் போட்டீங்க? நீங்கதான் கேட்டதுன்னா, நான் வேற ஒருத்தருக்குச் சரின்னு எழுதின லெட்டரை எப்படிங்க ஒங்க கையால போட்டீங்க?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அக்கா சொல்லிருச்சுன்னு புரிஞ்சுக்கிட்டார் போல. "நீங்க குடுத்ததை நான் எப்படிப் போடாம இருப்பேன்?"னார். வேற என்ன சொல்லுவார்? மூணு வருசமா அதானே அவர் வேலை.

"ஏன் நேராக் கேக்கலை?"

"நேரா நின்னா எனக்கு வாய் வராது டீச்சர். அதான் ஒங்களுக்குப் பிடிச்ச வழியிலேயே கேப்போம்னு பாத்தேன். குறுக்கே எந்தச் சொல்லும் வராம விட்டது தெரிஞ்சுதான். ஆமான்னாலும் இல்லைன்னாலும், எதுவும் நெருக்காம நீங்களா எழுதணும்னு." கையில இருந்த டிக்கெட் கட்டைச் சரி பண்ணினார். "ஆனா நீங்க கோபப்பட்டது என்மேல இல்லை. சார் கேட்டார்னு நெனச்சுக்கிட்டீங்க. அவர் கையைத் தூக்கினதும் ஒங்க மொகம் போன போக்கைப் பாத்தேன். அதை அவுக்க எனக்குப் பி.ஏ. வேண்டாம்."

இல்லைன்னு சொல்லணும்னு பாத்தேன். உண்மையைத்தானே சொல்றார். பதினோரு நாள் அந்தக் கேள்வியோட படுத்து அந்தக் கேள்வியோட எந்திரிச்சேன். அதுல சார் மொகம்தான் இருந்துச்சு. இப்பத் திடீர்னு அந்த மொகத்தை எடுத்துட்டு இந்த மொகத்தை வைன்னா எப்படி வைக்கிறது? ஆனா சட்டைக்குள்ள வச்சு மழையில கொண்டு போனேன்னு சொல்றாரே, அதைக் கேட்டதுல இருந்து மனசு ஒரு நெலையில நிக்கலை. இது பாவமா, பிரியமா, வெக்கமா? ஒண்ணும் தெரியலை. என்னை மாதிரி மண்டைக் குழப்பம் பிடிச்சவ இந்த ஜில்லாவுலயே இருந்திருக்க மாட்டா.

டிரைவர் ஹாரன் அடிச்சார். நான் நகரலை. பையில இருந்து காகிதத்தை எடுத்து, வண்டியோட தகரத்து மேலேயே வச்சு எழுதினேன். "மணப்பாறை வேண்டாம். கோபத்துல எழுதிட்டேன். அவங்களைக் கூட்டிக்கிட்டு வராதே. என்னைத் திட்டணும்னா நீ மட்டும் வா." அவர் பாக்கப் பாக்க மடிச்சு, கவர்ல போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கலை. "சாரை நெனச்சு எழுதுறதா இருந்தா வேண்டாம் டீச்சர். அவருக்கு அந்த நெனப்பே கெடையாது. மணப்பாறைக்காரர் நல்லவரா இருக்கலாம்."

"யாரை நெனச்சு எழுதுறேன்னு எனக்கே தெரியலை. தெரியாம இன்னொருத்தரைக் கட்டிக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியுது. பிடிங்க."

பிடிச்சுக்கிட்டார். அதையும் அன்னைக்கே போட்டார். ஞாயித்துக்கெழமை அண்ணன் தனியா வந்து ஆடின ஆட்டத்தை ஆவூரே வேடிக்கை பாத்துச்சு. மணப்பாறைக்காரங்க காறித் துப்பிட்டாங்கன்னான். இனிமே நீயாச்சு ஒன் பள்ளிக்கூடமாச்சுன்னு, ஆத்தா குடுத்த தண்ணியைக்கூடக் குடிக்காமப் போயிட்டான். ஆத்தா ஒரு வாரம் என்கூடப் பேசலை.

அதுக்கப்புறம் சவரியப்பன் மறுபடி கேப்பார்னு பாத்தேன். கேக்கலை. தாள் கொண்டு வந்து குடுத்தார், ஜன்னல் வழியா. நல்லா இருக்கீங்களா டீச்சர்னார், மழை வரும்போல இருக்குன்னார். செப்டம்பர் போச்சு, கிறிஸ்துமஸ் போச்சு. பிப்ரவரியில செபமாலை சாருக்குத் திண்டுக்கல்ல கல்யாணம். எல்லாரும் போனோம். மனசு வலிக்கும்னு நெனச்சுத்தான் போனேன். கோயில்ல சார் மோதிரம் போடும்போது, ஆம்பளைங்க பக்கம் எந்த வரிசையில சவரியப்பன் நிக்கிறார்னு தேடிக்கிட்டிருந்தேன். மோதிரம் போட்டு முடிச்சது எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்துல செங்கமலம் அக்கா என் முழங்கையில இடிச்சு, "அந்தா, தூணுக்குப் பின்னால"ன்னுச்சு.

மார்ச்சு மாசம். பள்ளிக்கூடத்து வேலையா குளத்தூர் போயிட்டு அவர் வண்டியில திரும்பிக்கிட்டிருந்தேன். முன்சீட்டுல நான், பக்கத்துல வெத்தலைக் கூடையோட ஒரு அம்மா. அவர் வந்து, "ஆவூரா டீச்சர்?"னார். இந்த மனுசன் ஏழு மாசமா இதைத்தான் கேக்குறார்! ஆவூரா டீச்சர், ஆவூரா டீச்சர்னு! வேற கேள்வியே தெரியாதா? சட்டுன்னு ஏறிடுச்சு எனக்கு.

"சவரியப்பன், நீங்க கேக்கவே மாட்டீங்களா?"

"என்னதுங்க?"

"சரி, நானே கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வெத்தலைக்கார அம்மா கூடையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச்சு. பின்னால யாரோ ஸ்ஸுன்னு மத்தவங்களை அடக்கினாங்க. டிரைவர்கூட வேகத்தைக் கொறைச்ச மாதிரி இருந்துச்சு. சவரியப்பன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துக்கிட்டே நின்னார். அவர் மொகத்துல அப்படி ஒரு குழப்பத்தை நான் எந்தக் கட்டத்துக்கும் பாத்ததில்லை.

"இதை யாரை நெனச்சுக் கேக்குறீங்க டீச்சர்?"னார். சத்தமே வரலை அவருக்கு.

"ஒங்களை. ஒங்க ஒருத்தரைத்தான். இந்தத் தடவை எனக்கு நல்லாத் தெரியும்."

ஆவூர் வந்துருச்சு. கோயில் கோபுரம் தெரிஞ்சுச்சு, வண்டி நின்னுச்சு. எறங்குறவங்க ஒருத்தரும் எறங்கலை. பதில் தெரியாம எப்படி எறங்குவாங்க? அவர் வாயைத் தொறந்தார், மூடினார். கண்ணு நெறைஞ்சு போச்சு அவருக்கு. நேரா நின்னா வாய் வராதுன்னு அன்னைக்கே சொன்னார்ல. நான் காத்துக்கிட்டிருந்தேன். என் ஆயுசுலயே அவ்வளவு பொறுமையா நான் காத்துக்கிட்டிருந்ததில்லை.

"சம்மதம்"னார், வண்டி முழுக்கக் கேக்குற மாதிரி.